மழலையின் நோயும் மார்க்கத்தின் கனிவும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் மக்கட்பேறு தலையாயது. கண்களுக்குக் குளிர்ச்சி தரும் மனைவி மக்களை வேண்டி இறைஞ்சுவோரை நல்லடியார் வரிசையில் வைத்துப் பேசுகிறது திருக்குர்ஆனின் 'அல்ஃபுர்கான்' அத்தியாயம். அந்தக் கண்குளிர்ச்சியே ஒன்றரை வயதில், நள்ளிரவில், உடல் அனலாய்க் கொதிக்க, குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டுத் துவண்டு கிடக்குமானால் பெற்றவர் நிலை என்னாகும்? பிள்ளைகளை ஒழுக்கத்தோடு வளர்ப்பது பற்றி நம் மேடைகளில் நிறையவே பேசப்படுகிறது. பிள்ளை நோயுற்ற மூன்றாம் இரவில் சுவரில் சாய்ந்து நின்றபடியே உறங்கிவிடுகிற தாயைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அத்தாய்க்கு மார்க்கம் என்ன சொல்கிறது, அவளைச் சுற்றியுள்ள நமக்கு என்ன சொல்கிறது என்பதைச் சற்றே சிந்திப்போம், வாசகர்களே!

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையே மறைமலைநகர் இருக்கிறது. தலைநகரின் நெருக்கத்தைத் தணிக்கும் பொருட்டுத் துணைநகராக 1980 வாக்கில் உருவாக்கப்பட்டு, தனித்தமிழ் அறிஞர் மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்ட ஊர் இது. தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். 2022ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் இங்கே கார் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனையோ குடும்பங்கள் கலங்கி நின்றன. ஆயினும் சுற்றிலுமுள்ள ஆலைகளின் சங்கு இன்றும் மூன்று முறை வேலைக்கு ஆட்களை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் குடியேறுவோர் இளம் தம்பதியர். தெற்கத்திச் சீமையிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பாட்டி ஊரில் இருப்பாள். பெரியம்மா, சித்தி வேறெங்கோ இருப்பார்கள். கணவன் இரவு முறைக்குச் சென்றுவிட்டால், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வாடகை வீட்டில், காய்ச்சல் பிள்ளையோடு ஒரு பெண் தன்னந்தனியே விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான். மறைமலைநகரை ஓர் எடுத்துக்காட்டாகவே சொன்னேன். திருப்பெரும்புதூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் இது பொருந்தும். துபாயிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் மக்களுக்கும் பொருந்தும்.

சிறு பிள்ளைகளை வாட்டும் நச்சுயிர் நோய்கள் பல. அவற்றுள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக வந்து வீட்டையே புரட்டிப்போடுவது ரோட்டா வைரஸ். 1973ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் பெண் அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். நுண்பெருக்கியின் கீழ்ச் சக்கரம் போலத் தோற்றமளித்ததால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. முதலில் வாந்தி, உடன் காய்ச்சல், பிறகு நீராகப் பிரியும் பேதி. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை நீடிக்கும். நச்சுயிரைக் கொல்லும் மருந்து ஏதும் இதற்கில்லை. பாக்டீரியாக் கிருமிகளுக்கென்று ஏற்பட்ட மாத்திரைகள் இதை ஒன்றும் செய்யமாட்டா. உடலை விட்டு நீங்கும் நீரையும் உப்பையும் அந்தந்த வேளையில் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை தேறிவிடும். கொடுக்கத் தவறினால் சில மணி நேரத்திலேயே ஆபத்து நெருங்கிவிடும்.

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவருக்கே அதன் அருமை தெரியும். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை ஓரளவு நீரிழப்புக்கு உள்ளாகியிருந்தால், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 750 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசல் உள்ளே செல்ல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் குவளையோடு புகட்ட முடியாது. புகட்டினால் அப்படியே திரும்பி வந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறு கரண்டியால் இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறையாகத் தொடங்க வேண்டும். ஒரு சிறு கரண்டி ஐந்து மில்லி கொள்ளும். கணக்கிட்டுப் பாருங்கள்: நூற்றைம்பது கரண்டி! ஒவ்வொரு கரண்டிக்கும் ஓர் அடம், ஓர் அழுகை, ஒரு கொஞ்சல். இடையிடையே துணி மாற்றுதல், தரை துடைத்தல், கை கழுவுதல், நெற்றியில் ஈரத்துணி வைத்தல். இத்தனையையும் முந்தைய இரு இரவும் கண்மூடாத ஒருத்தி, தனியொருத்தியாக, நான்கு மணி நேரம் தளராமல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் பெண்களும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இக்கரைசலின் பெருமை உலகுக்கு விளங்கியது ஓர் அவலத்தின் நடுவே. 1971ஆம் ஆண்டு வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலங்களாகக் கட்டி, நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் அவரவர் தாய்மாரும் உறவினருமே. நூற்றுக்கு முப்பது பேர்வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அதன் பின் வங்கதேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் நீரில் கரைக்கும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களின் தாய்மாருக்குக் கற்பித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாத முஸ்லிம் பெண்கள். மகலானபிஸ் 2022இல் மறைந்தார். அதன் பின்னரே பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. இத்தனை உயிர்களைக் காத்தவருக்கு நாடு நன்றி சொல்ல இவ்வளவு காலம் ஆயிற்றே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கை அளவு பார்க்கலாகாது. கடைகளில் இதே பெயரைத் தாங்கிச் சர்க்கரை மிகுந்த பானங்கள் விற்கப்பட்டு வந்தன. அவற்றில் அப்பெயர் பொறிக்கப்படுவதை 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பிள்ளைக்கு நோய் கண்ட நேரத்தில் வண்ணப் பெட்டியைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இக்கரைசலோடு பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் மருத்துவர் தருவார். பேதி நின்றவுடன் அதை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலையும் எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது.

இனி, நோயைக் காட்டிலும் கொடியதொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் வீட்டுக்கு வருவோர் முதலில் கேட்பது, "என்ன கொடுத்தாய்? எங்கே தூக்கிச் சென்றாய்? மஃரிப் நேரத்தில் வெளியே கொண்டு போனாயா? யார் கண் பட்டது?" என்பனவே. இக்கேள்விகள் ஒவ்வொன்றும் தாயின் நெஞ்சில் ஊசியாய் இறங்குகின்றன. கண்ணேறு உண்மை என்பதை நபிமொழி உரைக்கிறது, மறுப்பார் யாருமிலர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்கும் இறைவனின் பாதுகாவலைக் கோரி ஓதி வந்ததும், முன்னோரான இப்ராஹீம் நபி (அலை) தம் மக்களுக்கு அவ்வாறே ஓதினார்கள் என்று கூறியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. ஓதுங்கள், அது சுன்னத். ஆனால் ஓதுவதற்கு ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவை என்ன?

பெருமானாரின் வீட்டிலேயே இத்துயரம் நிகழ்ந்திருக்கிறது. அவர்களுடைய அருமை மைந்தர் இப்ராஹீம், மதீனாவின் புறத்தே ஒரு கொல்லரின் வீட்டில் செவிலித்தாயிடம் பாலுண்டு வளர்ந்தார். உலைப் புகை மண்டிய அவ்வீட்டுக்குள் பெருமானார் (ஸல்) சென்று குழந்தையை வாரி எடுத்து முத்தமிட்டுத் திரும்புவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அம்மழலை இரண்டு வயது நிரம்புமுன்னே உயிர் நீத்தது. பெருமானாரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. "தாங்களுமா?" என்று வியந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், இது இரக்கத்தின் வெளிப்பாடு என்றும், கண் நீர் சொரிகிறது, உள்ளம் வருந்துகிறது, எனினும் இறைவன் உவக்காததை நாவு சொல்லாது என்றும் விடையிறுத்தார்கள். அன்றைய தினமே சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. வானியல் கணக்கர்கள் அதனை கி.பி. 632 ஜனவரி 27 என்று குறிக்கின்றனர். நபியின் மைந்தர் மறைந்ததற்காகவே கதிரவன் ஒளி குன்றினான் என்று ஊரார் பேசத் தலைப்பட்டனர். துயரத்தில் ஆழ்ந்திருந்த ஒரு தந்தைக்கு அப்பேச்சு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அண்ணலார் அதை ஒரு கணமும் அனுமதிக்கவில்லை. கதிரும் மதியும் இறைவனின் சான்றுகள். எவர் பிறப்பிற்காகவும் இறப்பிற்காகவும் அவை மறைவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். தம் சொந்தப் பிள்ளையின் மரணத்தோடு வானத்தை முடிச்சுப் போட மறுத்த அப்பெருமானாரின் உம்மத்தினர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேதியோடு அதன் தாயின் நடத்தையை முடிச்சுப் போடுகின்றனர்!

தொக்கம் எடுத்தல் என்றொரு வழக்கம் நம் நாட்டில் உண்டு. பிள்ளையின் வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று சொல்லி, வாயாலோ குழலாலோ உறிஞ்சி எடுப்பதாகக் காட்டுவார்கள். குடல் ஏறிவிட்டது என்று தலைகீழாகத் தூக்கித் தட்டுவாரும் உளர். தொண்டைக்குள் விரலை விட்டு அழுத்துவாரும் உளர். சூடு போடுகிற கொடுமையும் முற்றாக ஒழிந்தபாடில்லை. இவற்றைச் செய்விப்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். மூன்று நாள் உறங்காத பெற்றோர், யாராவது ஏதாவது செய்யமாட்டார்களா என்னும் பரிதவிப்பில் இவற்றுக்கு இணங்கிவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்களை நினைவுகூர வேண்டும். தொடக்கக் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவி ஹிஜ்ரத் செய்த பெண்மணிகளுள் ஒருவர். உக்காஷா (ரலி) அவர்களின் உடன்பிறந்தவர். இவர் வாயிலாக இரு செய்திகள் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளன. இரண்டும் கைக்குழந்தையைப் பற்றியவை. இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் மகனை இவர் பெருமானாரிடம் கொண்டுவந்தார். அண்ணலார் குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டார்கள்; அது அவர்களின் ஆடையை நனைத்துவிட்டது. முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் வரவழைத்து அதன் மேல் தெளித்துக்கொண்டார்கள். மற்றொரு முறை, தொண்டை அழற்சிக்காக உள்நாக்கை விரலால் அழுத்தித் தூக்கிவிட்ட நிலையில் தம் மகனை இவர் கொண்டுவந்தார். அக்கால அரபுப் பெண்டிரிடையே அது பரவலான கைவைத்தியம். கண்ட பெருமானார், உங்கள் பிள்ளைகளை இப்படி அழுத்தி ஏன் வதைக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார்கள்; அழுத்துவதை விடுத்து இந்தியாவிலிருந்து வரும் கோஷ்டத்தைப் பயன்படுத்துமாறு கூறினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டுமருந்துக் கடைக்கு ஓடிக் கோஷ்டம் வாங்கிப் பச்சைப் பிள்ளைக்குப் புகட்டிவிட வேண்டாம். அளவறிந்த மருத்துவர் செய்யவேண்டிய வேலை அது. நான் சுட்ட விரும்புவது வேறு. வலி உண்டாக்கும் பழக்கமொன்றை, ஊர் முழுதும் செய்கிறது என்பதற்காக, நபிகளார் விட்டுவைக்கவில்லை. அதற்கு மாற்றாகத் தம் காலத்தில் கிடைத்த நல்ல மருந்தைக் காட்டினார்கள். இறைவன் நோயைப் படைத்தபோதே அதற்குரிய மருந்தையும் படைத்தான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்னும் அவர்களின் கட்டளை அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காணப்படுகிறது. அக்கட்டளையை ஏற்ற சமுதாயத்தில்தான் அர்ராஸீ போன்றோர் தோன்றினர். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அப்பேரறிஞர் பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனிநூலே இயற்றினார். பின்னாளில் அது இலத்தீனிலும் ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுப் பயிலப்பட்டது. அவர் மறைந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. நாமோ 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி நம் மாநிலத்தில் போடப்பட்டபோது கைப்பேசி வதந்தியை நம்பி அஞ்சி நின்றோம்!

தடுப்பு மருந்தைப் பற்றி மேலும் ஒரு சொல். ரோட்டா நோய்க்கு இன்று சொட்டுமருந்து உண்டு. தில்லியில் பச்சிளங் குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு வலுக்குறைந்த நச்சுயிரிலிருந்து ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட 'ரோட்டாவாக்', நம் வேலூர் உள்ளிட்ட மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டுமருந்து இடம்பெற்றது. மறு ஆண்டு தமிழகத்திற்கும் வந்தது. ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் இலவசமாகவே தருகிறார்கள். நோயை அடியோடு தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. கடுமையான தாக்குதலைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. வேளை தவறிவிட்டால் பிறகு போட்டுக்கொள்ள வயது வரம்பு இடந்தராமல் போகலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்றல்லவா நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது! மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இளம்பிள்ளைவாதச் சொட்டுமருந்தை ஐயுற்ற மக்களிடம் இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியே எடுத்துரைத்ததும், 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதும் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கவை.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். அவளுடைய களைப்பைப் பற்றி மார்க்கத்திற்கு அக்கறை உண்டா?

பெருமானார் (ஸல்) தொழுகையை நீட்டிக்க எண்ணி நின்றபோது பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்கும். உடனே சுருக்கி முடித்துவிடுவார்கள். அதன் தாயின் உள்ளம் படும் பாட்டை அறிந்திருந்தமையால் என்று காரணமும் சொன்னார்கள். மஸ்ஜிதுந் நபவீயில், நபியின் பின்னே, ஸஹாபாப் பெருமக்கள் அணிவகுத்து நிற்கும் தொழுகையே ஒரு மழலையின் அழுகைக்காகக் குறுகியது. மற்றொரு நாள் பள்ளியின் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருப்பதைக் கண்டு வினவினார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் இரவுத் தொழுகையில் களைத்தால் பற்றிக்கொள்வதற்காகக் கட்டியது என்றனர். அவிழ்த்துவிடுங்கள், தெம்புள்ளவரை தொழுங்கள், தளர்ந்தால் அமர்ந்துகொள்ளுங்கள் என்பதே உத்தரவு.

நம் பெண்கள் பலர் இன்னும் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள். பிள்ளையோடு விடிய விடிய விழித்திருந்து, பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னர் தம்மை அறியாமல் கண்ணயர்ந்து, சுபுஹு தவறிவிட்டதே என்று நாள் முழுதும் கண்ணீர் வடிக்கும் தாய்மார் உண்டு. அவர்களுக்காகவே நினைவூட்டுகிறேன். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஓரிரவு பெருமானாரும் தோழர்களும் களைத்து இறங்கினர். விடியலில் எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) ஏற்றார்கள். அவர்களும் தம் ஒட்டகத்தில் சாய்ந்தபடி உறங்கிவிட்டார்கள். வெயில் முகத்தில் பட்ட பிறகே அனைவரும் விழித்தனர். பிலாலை யாரும் தூற்றவில்லை. அவ்விடத்தை விட்டு நகர்ந்து, பாங்கு சொல்லி, தொழுதார்கள். உறக்கத்தால் தொழுகை தவறினால் விழித்ததும் தொழுதுகொள்ள வேண்டும் என்னும் சட்டம் இந்நிகழ்ச்சியையொட்டி நமக்குக் கிடைத்தது. நோன்பு மாதத்தில் பாலூட்டும் தாய்க்குச் சலுகை இருப்பதும் யாவரும் அறிந்ததே. ஆடையில் பட்ட வாந்தியைத் தூய்மை செய்து தொழுவது எப்படி என்னும் ஐயமெழுந்தால், உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுத் தொழுகையையே தள்ளிப்போடுவதைக் காட்டிலும் அது நன்று.

ஆண்களுக்குச் சில சொற்கள். குழந்தையின் காரணமாகத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்பது 'அல்பகரா' அத்தியாயத்தின் 233ஆம் வசனம் வகுக்கும் நெறி. பாலூட்டல், விவாகரத்து பற்றிய சட்டங்களிடையே வருவதால் இதை நாம் வழக்குமன்றத்திற்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம். ஒரே கூரையின் கீழ் வாழும் இணையருக்கும் அது பொருந்தும் என்பதே என் கருத்து. அண்ணலார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணி செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். பேரப்பிள்ளை உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுகை நடத்தியவர்கள் அவர்கள். "இரவு வேலை முடித்து வருகிறேன், எனக்கு உறக்கம் வேண்டாமா?" என்று கணவர் கேட்பது நியாயமே. வேண்டும்தான். ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஆலைக்கு மூன்று முறை வகுத்த மனிதனுக்கு வீட்டுக்கு இரண்டு முறை வகுக்கத் தெரியாதா? நான்கு மணி நேரம் ஒருவர், நான்கு மணி நேரம் மற்றவர். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, பிள்ளை எப்போது சிறுநீர் கழித்தது என்பதை ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் காய்ச்சல் மருந்தை இருமுறை புகட்டிவிடும் ஆபத்து இதனால் நீங்கும்.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அது அடிக்கடி தவறாகவே எடுத்தாளப்படுகிறது. திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன அவர்கள் தந்தையிடம் ஒரு பணியாளைக் கேட்கச் சென்றார்கள். காண முடியாமல் ஆயிஷாவிடம் சொல்லித் திரும்பினார்கள். பெருமானார் இரவில் மகள் வீட்டுக்கு வந்து, ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதி உறங்குமாறு கற்பித்தார்கள். இதைக் கூறிவிட்டு, "ஆகவே பெண்கள் உதவி கேட்கக் கூடாது, தஸ்பீஹ் ஓதினால் போதும்" என்று முடிப்பாருண்டு. அந்நபிமொழியில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. பசியால் வாடிய திண்ணைத் தோழர்களை விட்டுவிட்டுத் தம் மகளுக்குக் கொடுக்க இயலாது என்பதே அன்று அவர்கள் கூறிய காரணம். செய்தியறிந்த அன்றிரவே அவர்கள் மகளின் வீட்டைத் தேடி வந்ததையும், எழ முயன்றவர்களைப் படுத்திருக்கச் சொல்லிவிட்டு மகளுக்கும் மருமகனுக்கும் நடுவே அமர்ந்ததையும், அவர்களின் பாதத்தின் குளிர்ச்சியைத் தாம் உணர்ந்ததாக அலீ (ரலி) நினைவுகூர்ந்ததையும் ஏனோ விட்டுவிடுகிறோம். களைத்த மகளின் வீட்டுக்கு இரவில் நடந்து சென்ற தந்தை அவர்கள். அது போலவே, பிள்ளை இறந்தும் பதறாமல் கணவருக்கு உணவு பரிமாறிய உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் பொறுமையைப் பெண்கள் கூட்டங்களில் கேட்காத ஆண்டில்லை. குழந்தையின் அழுகைக்காகத் தொழுகை சுருக்கப்பட்டதை ஆண்கள் கூட்டத்தில் கேட்ட நினைவு உங்களுக்கு உண்டா? பொறுமையைப் புகழ்வது எளிது. ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்வது கடினம். முதலாவதைச் செய்து இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

தனியே இருக்கும் தாய்க்கும் ஒன்று சொல்வேன். விடாது அழும் பிள்ளையின் மேல் சினம் பொங்கினால், நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடவில்லை; உறக்கமின்மை எவரையும் அந்த எல்லைக்குத் தள்ளும். பிள்ளையைக் கீழே விழாத இடத்தில் கிடத்திவிட்டு, சில நிமிடம் விலகி, முகம் கழுவி, மூச்சு சீரானதும் திரும்புங்கள். பிஞ்சு உடலைப் பிடித்து உலுக்குவது மட்டும் கூடவே கூடாது. காய்ச்சலை ஏசிய உம்முஸ் ஸாயிப் (ரலி) அவர்களிடம், அதை ஏசாதீர், உலை இரும்பின் கசடை நீக்குவது போல அது பாவங்களை நீக்குகிறது என்று பெருமானார் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. காய்ச்சலை நீரால் தணிக்குமாறும் நபிமொழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியே பிள்ளைக்கு ஏற்றது, பனிக்கட்டி நீர் வேண்டாம். பிள்ளை எதையும் குடிக்க மறுத்தாலோ, கண்கள் குழிந்து அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108க்கு அழையுங்கள். மறைமலைநகர்ப் பகுதியினருக்குச் செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. கணவருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவர் வருகைக்காக ஆபத்தான நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ரமளான் முப்பது நாளும் அசர் நேரத்தில் நம் பள்ளிவாசல்களில் பெரிய தேக்சாக்களில் கஞ்சி கொதிக்கிறது. மதம் பாராமல் வாளியும் தூக்கும் ஏந்தி வருவோர்க்கெல்லாம் வழங்குகிறோம். தமிழகத்திற்கே உரிய அழகிய மரபு அது. அதற்கென அரசும் பச்சரிசி அளிக்கிறது. முப்பது நாள் ஊருக்கே கஞ்சி காய்ச்சத் தெரிந்த நமக்கு, மற்றப் பதினொரு மாதங்களில், பிள்ளை நோயுற்ற ஒரு வீட்டுக்கு ஒரு தூக்குக் கஞ்சி அனுப்பத் தெரியாதா? மசாலாவும் இறைச்சியும் வேண்டாம். அரிசியும் உப்பும் போதும், பிள்ளைக்கும் ஆகும், தாய்க்கும் ஆகும். ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்களுள் எவர் வீட்டில் உதவிக்கு ஆளில்லை என்பதை முத்தவல்லியும் இமாமும் அறிந்து வைத்திருக்கலாம். பெண்கள் மதரசாவில் பயிலும் முதிய பெண்டிருள் இருவர் பகலில் இரண்டு மணி நேரம் சென்று அமர்ந்தால் அந்தத் தாய் உறங்குவாள். அங்கே சென்றபின் யார் கண் பட்டது என்று ஆராய வேண்டாம். கரண்டியை வாங்கிக்கொண்டால் போதும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பட்டும், இல்லையேல் நோய் தம் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். நோயுற்ற வீடு முஸ்லிம் வீடா, மாற்று மதத்தவர் வீடா என்று பார்க்க வேண்டாம். அண்டை வீட்டாரின் உரிமையை நமக்குச் சொன்ன மார்க்கம் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. கஞ்சி கொண்டு செல்பவர் கதவை மெல்லத் தட்டட்டும். உள்ளே பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும்.